பாடம் ஒன்று, வேலை மூன்று

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் மாலை நேரத்தில் பிரெஞ்சு வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பள்ளியில் பிரெஞ்சு எடுத்த மாணவி முன்வரிசையில் இருப்பார். இலக்கணம் தலைகீழ்ப் பாடம், ஆனால் வாய் திறக்கமாட்டார். பக்கத்தில் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் தம்பி. சரளமாகப் பேசுவார், எழுதச் சொன்னால் தயங்குவார். பின்னால் ஒரு பெரியவர். 1962-இல் புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்த இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். மொழி காதில் இருக்கிறது, புத்தகம்தான் புதிது. அப்புறம், நேற்று சேர்ந்த இரண்டு பேர்.

இவர்களைத் தரம் பிரிக்க ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் இருக்கிறது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். தேர்வுக்கு அது சரி. ஆனால் அந்த மாணவி எழுத்தில் பி1, பேச்சில் ஏ1. அவரை எந்த அறைக்கு அனுப்புவீர்கள்? பிரிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பாடம் ஒன்றாகவே இருக்கட்டும், வேலையை மாற்றுங்கள்.

எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். தொலைபேசியில் யாரோ பிரெஞ்சில் விட்டுவைத்த ஒரு குரல் செய்தி, வகுப்பு முழுவதும் கேட்க அதை ஒலிக்க விடுவேன். 'மருத்துவரைப் பார்க்கும் நேரம் வியாழன் மூன்றரைக்கு மாறிவிட்டது, இந்த எண்ணில் கூப்பிடு.' அவ்வளவுதான். பிரான்சில் தொலைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம், இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். எண்பதை 'கத்ர வேன்', அதாவது 'நான்கு இருபது' என்பார்கள். தொண்ணூற்றேழோ 'நான்கு இருபது பதினேழு'. 'கத்ர வேன்' என்று கேட்டதும் அவசரப்பட்டு 8 போட்டால் போச்சு, 9 ஆகவும் இருக்கலாம். அடுத்த சொல் வரும்வரை பேனா காத்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்குச் செய்தியை அச்சிட்டே கொடுத்துவிடுவேன், எண்ணும் நேரமும் மட்டும் காலியிடம். நடுத்தரத்தாருக்கு வெள்ளைத்தாள்: யார், எப்போது, ஏன் என்று குறித்தால் போதும். தேர்ந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை கேட்க வேண்டும், பிறகு முழுச் செய்தியையும் திரும்ப எழுத வேண்டும். செய்தி ஒன்றுதான், மறுபடியும் சொல்கிறேன், செய்தி ஒன்றுதான்.

அடுத்து, மூன்று தரத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பேன். தாளைக் காட்டக் கூடாது, பிரெஞ்சில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேர்ந்தவருக்குப் பொருள் நினைவிருக்கும், எண் நழுவியிருக்கும். எண் யாரிடம் இருக்கிறது? நேற்று சேர்ந்தவரிடம். அவரிடம் இவர் கேட்கிறார், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

எழுதும்போது நம் மாணவியின் முறை வரும். 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு 'இல் பார்ல்'தான். எழுத்தில்தான் வேறு. ஓட்டல் தம்பி அதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுவார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். வகுப்பில் நடிக்க வைக்கும் மருந்துக்கடை நாடகத்தையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: புதியவர் வாடிக்கையாளர், அவருக்கு மூன்று வாக்கியம் போதும். தேர்ந்தவர் கடைக்காரர். மருந்துச் சீட்டு இல்லை என்ற சிக்கலை அவர்தான் சமாளிக்க வேண்டும். நடுவில் யாரையும் திருத்தாதீர்கள், பிழைகளைக் குறித்துவைத்து முடிந்த பிறகு பேசுங்கள். வணக்கம்.