டிரிக்கி டவர்ஸ்: கோபுரம் எங்க சாயுது, ஏன் சாயுது

[திரை: வெறும் மேடை. முதல் கட்டை இறங்குது.]

டெட்ரிஸ் பழகின கைக்கு இந்த கேம் கொஞ்ச நேரம் குழப்பமாத்தான் இருக்கும். 2016ல வந்த டிரிக்கி டவர்ஸ்லயும் நாலு கட்டம் சேர்ந்த அதே கட்டைகதான். ஆனா வரிசை நிரம்பினா மறையாது. வச்சதெல்லாம் எடையோட அங்கயே இருக்கும். அதனால நடுவுல ஓட்டை விழுந்தா பரவாயில்ல, எடை எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாருங்க.

[திரை: எஸ் கட்டை, முதல்ல படுத்தபடி, அப்புறம் நிமிர்ந்தபடி. எடை மையத்துல சிவப்புப் புள்ளி.]

எஸ் கட்டை படுத்திருந்தா அடியில ரெண்டு கட்டம் தரையைத் தொடும், புள்ளி அதுக்கு மேலயே விழும். நிமிர்த்தினா அடியில ஒரே கட்டம். புள்ளி அதோட விளிம்புல நிக்குது பாருங்க. பக்கத்துல முட்டுக் கொடுக்க இன்னொரு கட்டை இல்லன்னா லேசா இடிச்சாலே போச்சு.

[திரை: எல் கட்டை, நீளக் கை கீழ, ஒத்தைக் கட்டம் வலது ஓரத்துல மேல.]

அதிகம் ஏமாத்துறது இதுதான். எடை மையம் வலது ஓரத்துல இருந்து 1.25 கட்டம் உள்ள இருக்கு. வலது ஓரத்து ஒரு கட்டத்துக்கு மட்டும் அடியில ஆதாரம் இருந்தா இடது பக்கம் கவிழும். 1.5 கட்டத்துக்கு இருந்தா நிக்கும். கட்டையை அரைக் கட்டமாவும் நகர்த்தலாம்கிறதால அந்த வித்தியாசம் உங்க கையிலதான் இருக்கு.

[திரை: உயரமான கோபுரம், லேசா ஆடுது.]

உயரம் ஏற ஏற ஆட்டம் ஏன் கூடுது? இந்த மாதிரி கேம்கள்ல கட்டைகள் ஒண்ணையொண்ணு தள்ளுறதை கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடித்துளிக்கும் குறிப்பிட்ட தடவைதான் சரிபண்ணும். கேம் செய்யப் பயன்படுற யூனிட்டி மென்பொருளோட 2டி இயற்பியல்ல மாத்தாம விட்டா, வேகத்துக்கு 8 தடவை, இடத்துக்கு 3 தடவை. அடுக்கு நீண்டா அது பத்தாது, மிச்சம் நடுக்கமா தெரியும். அடியில சின்னது, மேல ராட்சசக் கட்டைன்னா இன்னும் மோசம். ஆடும்போது அடுத்ததை வேகமா இறக்காதீங்க, மோதுற வேகமும் சேர்ந்துக்கும்.

[திரை: மூணு ஆட்ட முறை, வரிசையா.]

ரேஸ்ல கோபுரம் மேல இருக்கிற முடிவுக் கோடு வரை எட்டினா மட்டும் போதாது, கொஞ்ச நேரம் நிக்கணும். அதனால கடைசி ரெண்டு மூணு கட்டைல அவசரம் வேண்டாம். சர்வைவல்ல கட்டை கீழ விழுந்தா உயிர் போகும். பசில்ல கட்டைகளை ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழயே அடக்கணும், அங்க மட்டும் டெட்ரிஸ் புத்தி உதவும்.

[திரை: நாலு பேர், நாலு கோபுரம்.]

தனியா ஆடும்போது நிதானம் போதும். நாலு பேர்னா மந்திரம் வேற வரும், ஒண்ணு உங்களுக்கு உதவும், இன்னொண்ணு எதிராளியைக் கெடுக்கும். உங்க கோபுரம் சாய ஆரம்பிச்சிருந்தா உதவி மந்திரத்தையே எடுங்க. படர்ற செடிக்கொடி மந்திரம் வந்தா கட்டைகளைச் சேர்த்துக் கட்டிடும். கெடுக்கிறதை, எதிராளி கோபுரம் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கிற நேரம் பார்த்து விடுங்க. அகலமா, நேரா நிக்கிற கோபுரத்து மேல அதை வீணாக்காதீங்க.