கிரன்மத்ரீஸ்: யாருக்கு யார் பக்கத்து வீடு?

[திரையில் ஒரே சொல்: கிரன்மத்ரீஸ்]

சுவீடனில் கோட்டுருவியல், அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம், படிக்கும் மாணவர்களுக்குப் பழக்கமான சொல் இது. 'கிரன்னெ' என்றால் பக்கத்து வீட்டுக்காரர், 'மத்ரீஸ்' என்றால் அணி, அதாவது வரிகளிலும் நெடுவரிசைகளிலும் அடுக்கிய எண்கள். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் அணி! நாமும் 'அண்டை அணி' என்றுதானே சொல்கிறோம். அண்டை அயல் என்பதில் வரும் அதே அண்டை.

[நான்கு புள்ளிகள், நான்கு கோடுகள்]

சரி, வரைந்தே பார்த்துவிடலாம். ஸ்டாக்ஹோமிலிருந்து கோத்தன்பர்க், மால்மோ, உப்சாலா மூன்றுக்கும் ரயிலில் போகலாம். கோத்தன்பர்குக்கும் மால்மோவுக்கும் நடுவே மேற்குக் கடற்கரையை ஒட்டி இன்னொரு பாதை உண்டு. ஊர்கள்தான் முனைகள், பாதைகள்தான் விளிம்புகள். முனைக்கு சுவீடிஷில் 'ஹோர்ன்' என்று பெயர். மூலை என்று பொருள். 'நூட்' என்றும் சொல்வார்கள்.

[ஸ்டாக்ஹோம்: 0 1 1 1
கோத்தன்பர்க்: 1 0 1 0
மால்மோ: 1 1 0 0
உப்சாலா: 1 0 0 0]

நெடுவரிசைகளும் இதே வரிசையில்தான். இரண்டு ஊர்கள் அண்டை என்றால் 1, இல்லையென்றால் 0. நான் உனக்கு அண்டை என்றால் நீயும் எனக்கு அண்டை; அதனால் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் மூலைவிட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல இருக்கிறது. ஒருவழிப் பாதை வந்தால் இந்த அழகு கெட்டுவிடும்.

ஒவ்வொரு வரியையும் கூட்டுங்கள்: 3, 2, 2, 1. மொத்தம் 8. பாதைகளோ 4தான், ஏனென்றால் ஒவ்வொன்றையும் இரு முனையிலிருந்தும் எண்ணிவிட்டோம்.

[அணி தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது]

இதுவரை வெறும் அட்டவணை. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அணியை அதனாலேயே பெருக்குங்கள்: ஒரு வரியையும் ஒரு நெடுவரிசையையும் எடுத்து, முதல் எண்ணை முதல் எண்ணோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். உப்சாலா வரியில் கோத்தன்பர்குக்கு நேராக 0 இருந்ததே, அது இப்போது 1. இரண்டு தாவலில் போக ஒரே ஒரு வழி இருக்கிறது, ஸ்டாக்ஹோம் வழியாக. நாம் எந்த வழியையும் தேடவே இல்லை, பெருக்கல் தானாக எண்ணிக் கொடுத்துவிட்டது! ஸ்டாக்ஹோமின் மூலைவிட்ட இடத்தில் 3 நிற்கிறது. மூன்று அண்டை ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குப் போய்த் திரும்பும் மூன்று வழிகள் அவை.

[மூலைவிட்டம் மட்டும் ஒளிர்கிறது: 2 2 2 0]

அப்புறம் இன்னொரு முறை பெருக்கினால், மூலைவிட்டத்தில் மூன்று தாவலில் புறப்பட்ட ஊருக்கே திரும்பும் வழிகள் தெரியும். ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், மால்மோ மூன்றும் ஒரு முக்கோணம். அதை இடமாகவும் சுற்றலாம், வலமாகவும் சுற்றலாம். அதனால்தான் ஆளுக்கு 2. உப்சாலாவுக்கு இருப்பது ஒரே அண்டை. அங்கிருந்து கிளம்பி மூன்றாவது தாவலில் வீடு வந்து சேர வழியே இல்லை.