நள்ளிரவில் டேங்க் சொல்லும் கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யூனிட் கணக்கெடுத்துவிட்டுப் போகிறார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி காலண்டரில் இருக்கும். தண்ணீருக்கு மட்டும் நம் வீடுகள் பலவற்றில் கணக்கே கிடையாது. போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ சம்ப்பில் விழுகிறது, மோட்டார் போட்டால் மாடி டேங்குக்கு ஏறுகிறது, வழிந்தால் நிறுத்துகிறோம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும்போதுதான், 12,000 லிட்டர் எங்கே போயிற்று என்று யோசிக்கிறோம்.

அந்தக் கணக்கை வீட்டிலேயே, சில உதிரிப் பொருள்களை வைத்து எடுக்க முடியும். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் இ.எஸ்.பி.32 என்ற, வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதோடு ஒன்றிரண்டு சென்சார்கள், வீட்டு வைஃபை, இவை போதும். ஆனால் எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாங்கியவுடன் குழாயை அறுத்து, ஓட்டத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்திவிடுகிறார்கள். மாடி டேங்க் உள்ள வீட்டுக்கு அது முதல் வேலை இல்லை. அங்கே முதல் மீட்டர் அந்த டேங்க்தான்.

சென்சார் வாங்குவதற்கு முன்னால் டேப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். உருளை வடிவ பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றின் விட்டம் 110 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 110-ஐ 110-ஆல் பெருக்கி 0.785 ஆல் பெருக்கினால் சுமார் 9,500 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதாவது நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது. இந்த ஒன்பதரைதான் உங்கள் வீட்டு எண். சம்ப்புக்கும் இதே வழிதான்: ஆறடிக்கு நான்கடி சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 22 லிட்டர்.

மட்டத்தை அளக்க, தண்ணீர் புகாத முனை கொண்ட அல்ட்ராசோனிக் சென்சார் ஏற்றது. ஜே.எஸ்.என்-எஸ்.ஆர்04டி என்ற பெயரில் கேளுங்கள். கார் பின்னால் எடுக்கும்போது ஒலி எழுப்புகிற சென்சார் போலவே இருக்கும். மூடியில் துளை போட்டு, முனை நேராகக் கீழே பார்க்கும்படி பொருத்த வேண்டும். ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். இரண்டு இடத்தில் ஏமாற்றும். முதலாவது, 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. டேங்க் விளிம்பு வரை நிறைந்திருக்கும்போது அபத்தமான எண் காட்டும். எனவே மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை இதனிடம் கொடுக்காதீர்கள், அதற்கு மிதவை ஸ்விட்சே இருக்கட்டும். இரண்டாவது, தண்ணீர் விழும் குழாய், ஏணிப் படி, பக்கச் சுவர் ஆகியவற்றில் பட்டும் எதிரொலி திரும்பும். உள்ளே வரும் குழாயிலிருந்து தள்ளி, சுவரை விட்டு முடிந்தவரை நடுவில் வையுங்கள். நிமிடத்துக்குப் பதினொரு முறை அளந்து, வரிசைப்படுத்தி நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தவறான எதிரொலி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நடு எண்ணை அது அசைக்காது.

அடுத்து வெப்பம். இதைக் கவனிக்காதவர்கள் இல்லாத கசிவைத் தேடி அலைவார்கள். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். நம் வெயிலில் மூடிக்குக் கீழே 45 டிகிரி ஏறினால் 358 மீட்டருக்கு மேல். பலகை 20 டிகிரிக்கான வேகத்தையே வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையில் 80 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் தண்ணீரை 76.6 என்று காட்டும். 3.4 சென்டிமீட்டர் பிழை, அதாவது 32 லிட்டர். பகலில் இல்லாத தண்ணீர் இருப்பது போலவும், இரவில் டேங்க் குளிரக் குளிர மட்டம் இறங்குவது போலவும் தெரியும். இதற்கு மருந்து எளிது: டி.எஸ்.18பி20 என்ற வெப்பமானியின் நீர்புகா வகையை மூடிக்கு அடியில் தொங்கவிட்டு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதன் தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையில் போடுங்கள். வேகம் என்பது 331.3 உடன், வெப்பநிலையை 0.606 ஆல் பெருக்கிக் கூட்டுவது. ஒரு வரிக் கணக்குதான்.

மின்சாரப் பக்கம் சில எச்சரிக்கைகள். மாடிக்கு 230 வோல்ட் கம்பியை டேங்க் அருகே கொண்டு போகவே கூடாது. வீட்டுக்குள் அடாப்டரை வைத்து 12 வோல்ட் மட்டும் மேலே அனுப்பி, அங்கே இ.எஸ்.பி.32 இருக்கும் பெட்டிக்குள் 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகையைப் போடுங்கள். நேராக 5 வோல்ட் அனுப்பினால் இருபது மீட்டர் மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்து, வைஃபை பேசும்போதெல்லாம் பலகை அணைந்து எழும். சென்சார் திருப்பி அனுப்பும் சைகை 5 வோல்ட், இ.எஸ்.பி.32 தாங்குவது 3.3. சென்சாருக்கும் பலகைக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பலகையின் அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 20 கிலோ ஓம் ஒன்று போட்டுப் பிரித்தால் சரியாக வரும். கடையில் 20 கிலோ ஓம் இல்லையென்றால் இரண்டு பத்தைத் தொடராக இணையுங்கள். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் மாடி வரை எட்ட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் இ.எஸ்.பி.32-க்குப் புரியாது.

நிரலை நீங்களே எழுத வேண்டிய அவசியமில்லை. ஈஎஸ்பிஹோம் என்ற இலவச மென்பொருளில் பலகையின் எந்தக் காலில், அதாவது எந்தப் பின்னில், எந்த சென்சார் என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஹோம் அசிஸ்டென்ட் என்ற இன்னொரு மென்பொருள் அந்த எண்களைச் சேமித்து வரைபடமாகக் காட்டும். பழைய மடிக்கணினியோ ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ அதற்குப் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வீட்டில் யாரும் தண்ணீர் திறப்பதில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் மட்டம் அசையக் கூடாது. இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 19 லிட்டர். ஒரு நாளைக்கு 152 லிட்டர். கழிவுநீர் இணைப்புள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வைத்திருக்கும் அளவு. வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவர் குடியிருப்பது போன்ற இழப்பு இது. இந்தக் கசிவை நிமிடத்துக்குக் கணக்கிட்டால் நூறு மில்லிலிட்டர்தான். குழாயில் பொருத்தும் அரை அங்குல சென்சாருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே அதன் சக்கரம் நம்பும்படி சுற்றாது, ஆண்டு முழுவதும் பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டேங்கை முதல் மீட்டர் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரே இரவை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாராவது எழுந்து கழிவறை போயிருக்கலாம். அப்படியானால் வரைபடத்தில் படிக்கட்டு போல ஒரு இறக்கம் தெரியும். கசிவு என்றால் சாய்வான கோடு, மூன்று நான்கு இரவும் ஒரே சாய்வு. கோடு சாய்ந்தால், டேங்க் அடியில் உள்ள கேட் வால்வுகளில் ஓர் இரவுக்கு ஒன்றாக மூடிப் பாருங்கள்: இன்று சமையலறை லைன், நாளை குளியலறை லைன். எதை மூடினால் கோடு நேராகிறதோ, குற்றவாளி அங்கே. எல்லாவற்றையும் மூடியும் இறங்கினால் டேங்கின் கனெக்டர் கசிகிறதா என்று பாருங்கள். மோட்டார் குழாய் டேங்கின் அடியிலிருந்து நுழைகிற வீடுகளில், தண்ணீரைத் திரும்ப விடாத நான் ரிட்டர்ன் வால்வு பழுதாகி, ஏற்றிய தண்ணீர் மெல்ல சம்ப்புக்கே இறங்கிக்கொண்டிருக்கலாம்.

குளியலறை லைன் என்று தெரிந்தால் முதலில் ஃபிளஷ் டேங்கைச் சந்தேகியுங்கள். கேசரிப் பவுடரை அரைத் தேக்கரண்டி அதில் கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கழிவறைப் பேசினில் நிறம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வாட்டர் கேன் அளவு தண்ணீரைக் கொட்டிவிடும்.

மோட்டார் ஏற்றும் தண்ணீரையும் குழாயைத் தொடாமலே அளக்கலாம். டேங்கின் வால்வுகளை மூடிவிட்டு மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறினால் 285 லிட்டர், நிமிடத்துக்கு 28.5. எஸ்.சி.டி-013 என்ற கவ்வி வடிவ சென்சார், மோட்டார் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை உணர்ந்து, மோட்டார் ஓடும் நேரத்தைச் சொல்லிவிடும். அந்த நிமிடங்களை 28.5 ஆல் பெருக்கினால் ஏறிய தண்ணீர். ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் காட்டும். சம்ப் நிறைந்திருக்கும்போதும் அடியில் கிடக்கும்போதும் மோட்டார் ஒரே அளவு ஏற்றாது, இரண்டு நிலையிலும் அளந்து வையுங்கள். மோட்டார் பெட்டியைத் திறக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, சமையலறைக்கு எவ்வளவு, குளிக்க எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஓட்ட சென்சாருக்கு வரலாம். ஒய்.எஃப்-எஸ்201 என்பது அரை அங்குலம். நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை. உள்ளே சக்கரம் சுற்றச் சுற்ற அது மின்துடிப்புகளை அனுப்பும். லிட்டருக்கு 450 துடிப்பு என்று தாளில் போட்டிருக்கும். அந்த 450-ஐ நம்பாதீர்கள், பத்து சதவீதம் வரை தள்ளிப் போகும். இருபது லிட்டர் வாட்டர் கேனை நிரப்பி எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணுங்கள். 8,640 வந்தால் உங்கள் எண் 432. குழாயை முழுதாகத் திறந்து மூன்று முறை, பாதி திறந்து மூன்று முறை செய்யுங்கள். இரண்டுக்கும் எண் மிகவும் வேறுபட்டால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது.

பொருத்தும்போது அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்கட்டும். முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நீளத்துக்கு வளைவோ வால்வோ இல்லாத நேர்குழாய் வேண்டும். இரு பக்கமும் யூனியன் போட்டால் பிறகு கழற்றுவது எளிது. பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். விரிசல் அன்றைக்குத் தெரியாது, ஒரு வாரம் கழித்துத்தான் சுவர் நனையும். டேங்குக்கு நேர் கீழே உள்ள மேல்மாடிக் குளியலறையில் இதைப் போட வேண்டாம். அங்கே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தின் அழுத்தம்தான் இருக்கிறது, சென்சார் அதையும் தின்று ஷவரில் வரும் தண்ணீரை மெலிய வைத்துவிடும்.

போர் தண்ணீர் வீடுகளில் இதற்கு இரண்டு எதிரிகள். உப்பு படிந்து சக்கரம் இறுகும். சக்கரத்தில் காந்தம் இருப்பதால் குழாய் துருவும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஒரு வடிகட்டி வைத்து மாதம் ஒருமுறை கழுவுங்கள். மோட்டார் கம்பியோடு சேர்த்து சென்சார் கம்பியை இழுத்தால், மோட்டார் எழும் நொடியில் பொய்த் துடிப்புகள் வந்து சேரும். தனி வழியில், உலோக உறையுள்ள கேபிளில் கொண்டு வாருங்கள். ஒரு மில்லி செகண்டுக்குக் குறைவான துடிப்பைத் தள்ளிவிடவும் ஈஎஸ்பிஹோமில் எழுதிவிடுங்கள்.

நகராட்சியோ குடிநீர் வாரியமோ வைத்த மீட்டர் உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் திறக்கவோ, அதன் மேல் எதையும் ஒட்டவோ வேண்டாம். துல்லியமான கணக்கு வேண்டுமானால், தண்ணீர் மீட்டர்களுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 779 முத்திரையுள்ள, துடிப்பு வெளியீடு கொண்ட மீட்டர் ஒன்றை வாங்கி அதற்குப் பின்னால் உங்கள் குழாயில் வைத்துக்கொள்ளலாம். துடிப்பை அனுப்பும் அதன் ஸ்விட்ச் ஒரு முறை மூடும்போது பலமுறை துள்ளும். 50 மில்லி செகண்டுக்குள் வரும் இரண்டாவது துடிப்பை எண்ணாமல் விடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்க் கழுவுகிற நாள் வருமல்லவா, அன்று டேங்க் காலியாக இருக்கும்போது சென்சார் காட்டும் தூரத்தை எழுதி வையுங்கள். டேப்பை விட்டு மூடியிலிருந்து அடிவரை அளந்த தூரமும் அதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், முனையில் படிந்த ஈரத்தையும் உப்பையும் வினிகர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு டேங்கின் பக்கத்திலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.