வயிற்றைக் காயப்போட்டால் வேலை கிடைத்துவிடுமா?

அவையோருக்கு வணக்கம்.

வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையைக் குறைத்தால் அவர்கள் சீக்கிரம் வேலைக்குப் போவார்களா, மாட்டார்களா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் குறைக்கச் சொல்பவர்களை ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று ஏச நான் இங்கே வரவில்லை. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

உதவித்தொகை கூடுதலாகவோ, கூடுதல் மாதங்களுக்கோ கிடைத்தால், மக்கள் அடுத்த வேலைக்குப் போகச் சற்று அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள். பல நாடுகளில் பலமுறை கணக்கிட்டுப் பார்த்த விஷயம் இது. "பார்த்தீர்களா, உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்கள்" என்று உடனே சொல்லத் தோன்றும். சரி, அந்த அதிகப்படி நாட்களில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வேலை இழந்தவர்களைச் சேமிப்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார். சேமிப்பு இருந்தவர்களிடம் உதவித்தொகை கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை தேடும் காலம் நீண்டது, சேமிப்பு இல்லாதவர்களிடம்தான். சோம்பல்தான் காரணம் என்றால் இரண்டு பேரிடமும் அது தெரிந்திருக்க வேண்டாமா? காலம் நீள்வதில் சுமார் 60 சதவீதத்துக்குக் காரணம், கையில் கொஞ்சம் காசு இருப்பதால் அவசரப்படாமல் தேட முடிவதுதான் என்பது அவர் கணக்கு.

எனக்கு இது வெறும் கணக்கு இல்லை. இருபத்து மூன்று வயதில் ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். கையில் இருந்தது இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. மூன்றாம் மாதம் வெளியூரிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நான் படித்த படிப்புக்கே உரிய வேலை. போய்வர பஸ்ஸுக்குக் காசில்லை. முன்பு வாங்கிய கடனையே திருப்பாத நண்பனிடம் மறுபடி போய் நிற்க வாய் வரவில்லை. இஸ்திரி போட்டு எடுத்து வைத்த சட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த மடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஏழாம் மாதம் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை கிடைத்தது. கிடைத்ததே போதும் என்று சேர்ந்தேன், நான்கு மாதத்தில் விலகினேன். எனக்குக் கற்றுக்கொடுத்த நேரம் அவர்களுக்கு நஷ்டம், எனக்கும் நஷ்டம்.

அந்த ஏழு மாதமும் எனக்கு ஒரு பைசா உதவித்தொகை வரவில்லை. வயிறு காய்ந்தால் தானாக வேலைக்குப் போவான் என்பது சரியென்றால், நான் முதல் மாதமே போயிருக்க வேண்டும். வேலை தேடுவதற்கே காசு வேண்டும், ஐயா. சான்றிதழுக்கு நகல் எடுக்க, செல்பேசி துண்டிக்கப்படாமல் இருக்க, நேர்காணல் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் காசு. உதவித்தொகையில் கை வைப்பவர்கள் இந்தக் காசில்தான் கை வைக்கிறார்கள்.

இந்த எண்ணம் பழையது. 1834-இல் இங்கிலாந்து கொண்டுவந்த ஏழைகள் சட்டத்தின் அடிப்படையே இதுதான்: அரசின் உதவியில் வாழ்பவரின் நிலை, இருப்பதிலேயே குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். உதவி வேண்டுமா, ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் பணிமனை விடுதிக்குள் போ என்றார்கள். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். அதே இங்கிலாந்துதான் 1911-இல் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்து, சில தொழில்களில் வேலை இழந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை கொடுத்தது. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் அதற்குப் பணம் கட்டினார்கள். இன்றும் பல நாடுகளில் இது இப்படிக் கட்டிச் சேர்த்த பணம்தான். தீப்பிடித்த வீட்டுக்காரர் காப்பீட்டுத் தொகை கேட்டால் நாம் அவரைச் சோம்பேறி என்று சொல்வதில்லை.

உதவித்தொகை முடியும் வாரத்தில் திடீரென்று நிறையப் பேர் வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதுவரை வேலையை ஒத்திப்போட்டிருந்தார்கள் என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். ஆஸ்திரியாவின் தரவுகளை வைத்து 2007-இல் இதைச் சோதித்தார்கள். தொகை முடியும்போது பட்டியலிலிருந்து வெளியேறும் வேகம் 200 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வேலையில் சேரும் வேகம் ஏறியதோ 20 சதவீதம். காசு வராது என்றான பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று பெரும்பாலானோர் நின்றுவிட்டார்கள். அரசின் ஏட்டில் வேலையில்லாதவர் எண்ணிக்கை குறைந்தது. ஆள் வீட்டில்தான் இருந்தார்.

அண்மைய உதாரணம் 2021-இல் அமெரிக்கா. கொரோனா காலக் கூடுதல் தொகையாக வாரம் 300 டாலர் செப்டம்பர் வரை உண்டு என்றிருந்தது. ஏறக்குறைய பாதி மாநிலங்கள், ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொன்னதால், கோடையிலேயே அதை நிறுத்தின. அவற்றில் பெரும்பாலான மாநிலங்களில் பலருக்கு முழு உதவியும் நின்றது. நிறுத்திய மாநிலங்களையும் நிறுத்தாத மாநிலங்களையும் ஒப்பிட்டார்கள். நிறுத்திய இடங்களில், அதுவரை உதவி பெற்றுவந்தவர்களில் தொடர்ந்து உதவி பெறுவோர் விகிதம் 35 சதவீதப் புள்ளி குறைந்தது, வேலையில் இருப்போர் விகிதம் 4.4 சதவீதப் புள்ளி கூடியது. எட்டுப் பேருக்கு நிறுத்தினால் ஒருவருக்கு வேலை. மற்ற ஏழு பேர்? அவர்கள் கடையில் செலவழிப்பதைக் குறைத்தார்கள். அந்தக் கடையில் வேலை பார்ப்பவருக்கு அது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெர்மனியைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி அதுதான். 2005 ஜனவரியில், நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்குப் பழைய சம்பளத்தின் ஒரு பங்காக வந்த தொகையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே அடிப்படைத் தொகை என்றார்கள். மேற்குப் பகுதியில் மாதம் 345 யூரோ, வாடகை தனி. அப்போது வேலையில்லாதவர்கள் 50 லட்சம். அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை வேகமாக இறங்கியது. ஆனால் அதே சீர்திருத்தத்தில் வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் அடியோடு மாற்றியமைத்தார்கள். அதே காலத்தில் தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வில் அடக்கி வாசித்தன, ஏற்றுமதியும் பெருகியது. எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். சொன்ன வேலைக்குப் போகாவிட்டால் தொகையை வெட்டும் விதியும் அங்கே இருந்தது. 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது மனித கண்ணியத்துக்கு விரோதம் என்று 2019 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

வேலைக்குப் போனால் லாபம் இல்லை என்ற நிலை சில இடங்களில் நிஜமாகவே உண்டு. அதற்கு மருந்து வேறு. சம்பளம் ஏறஏற உதவியை முழுதாகப் பிடுங்காமல் மெல்லக் குறைக்க வேண்டும். பிரிட்டனில் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 63 பென்ஸ் உதவியில் கழித்தார்கள். 2021-இல் அதை 55 ஆக்கினார்கள். அதுவே அதிகம் என்பேன். ஆனால் போக வேண்டிய வழி அதுதான். டென்மார்க்கில் இரண்டு ஆண்டு வரை நல்ல தொகை கொடுத்து, கூடவே பயிற்சியும் கொடுத்து வேலை தேட வைக்கிறார்கள். அங்கே மக்கள் உழைப்பதை விட்டுவிடவில்லை.

கடைசியாக, மறுபடியும் ஆஸ்திரியா. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊருக்கே சோறு போட்ட துணி ஆலை 1930-க்குள் மூடிவிட்டது. 478 குடும்பங்களில் முக்கால்வாசிக்கு வேலையில் யாருமே இல்லை. கிடைத்த உதவியும் சில மாதங்களில் சுருங்கி, பிறகு சிலருக்கு நின்றே போனது. மாரி ஜஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூக ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய் எல்லாவற்றையும் எண்ணினார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். தெருவைக் கடப்பதற்குள் பலர் இரண்டு மூன்று முறை நின்றுவிட்டார்கள். கடிகாரம் எடுத்துவரும் வழக்கமே போய்விட்டிருந்தது. நூலகத்தில் கட்டணம் கிடையாது என்று ஆக்கியும், புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. நேரம் மலைபோல் கிடந்தது, படிக்க மனம் இல்லை.

பிறகு குடும்பங்களை வகைப்படுத்தினார்கள். இன்னும் திட்டம் போடும், வேலை தேடும் வீடுகளில் ஓர் ஆளுக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங் வந்தது; ஆஸ்திரியாவின் அன்றைய நாணயத்துக்கும் ஷில்லிங் என்றுதான் பெயர். கிடைத்ததோடு அடங்கிப்போன வீடுகளில் 30. நம்பிக்கை இழந்த வீடுகளில் 25. பிள்ளைகளைக் குளிப்பாட்டக்கூட மனமில்லாமல் எல்லாவற்றையும் கைவிட்ட வீடுகளில் 19. காசு குறையக் குறைய வேலைதேடும் முயற்சி கூடவில்லை, செத்துப்போனது. ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து ஷில்லிங் வித்தியாசம்; அது என்ன என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கிழிந்த காலணியைத் தைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, போட காலணி இல்லாமல் வீட்டிலேயே இருத்திக்கொள்வதா என்பதுதான் அந்த ஐந்து ஷில்லிங்.

நன்றி, வணக்கம்.