டூட்டூ ஏன் தட்டுப் போல நிற்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ‘ஜிசெல்’ பாலேயைப் பற்றிய சென்ற உரைக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று ஒரு வாரமாக என்னை விடவில்லை. மகளை பாலே வகுப்பில் சேர்த்திருக்கும் நேயர் ஒருவர் இப்படிக் கேட்கிறார்: “ஜிசெல்லில் பாவாடை கெண்டைக்கால் வரை மென்மையாகத் தொங்குகிறது, ஸ்வான் லேக்கில் இடுப்பிலிருந்து தட்டுப் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் டூட்டூ என்கிறார்கள். எது உண்மையான டூட்டூ? அது எப்படித் தொங்காமல் நிற்கிறது? என் மகளுடையது ஆறே மாதத்தில் தொய்ந்துவிட்டது.”

இரண்டும் உண்மையான டூட்டூக்களே. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: டூட்டூவின் வரலாறு என்பது கால்களின் வரலாறு. கால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டபோதெல்லாம் துணி சற்று மேலேறி அதற்கு வழிவிட்டது. 1726இல் பாரிஸ் ஒபேரா அரங்கில் அறிமுகமான நடனமணி மரீ கமார்கோ, தாவும்போது அந்தரத்தில் பாதங்களை மாற்றி மாற்றிப் பின்னும் தம் வித்தை மற்றவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார். உயர்ந்தது சில அங்குலந்தான். அதற்கே ஊர் வாய் பிளந்தது.

ஜிசெல்லில் நீங்கள் பார்த்த நீண்ட பாவாடை, 1832 மார்ச்சில் பாரிஸில் அரங்கேறிய ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே வழியாக நிலைபெற்றது. மரீ தாலியோனி அதில் காற்றுத் தேவதையாக, வெண்ணிற மெல்லிய துணியில் மணி வடிவப் பாவாடை அணிந்து ஆடினார். அவர் விரல் நுனியில் நின்ற பாதங்கள் தெரியவேண்டும், ஆனால் அந்த நிற்பில் உள்ள உழைப்பு தெரியக்கூடாது. கெண்டைக்கால் வரை இறங்கிய மெல்லிய துணி இரண்டையும் நிறைவேற்றியது. அப்போது மேடைக்கு வந்திருந்த வாயு விளக்கின் ஒளியில் அந்த வெண்மை நிலவொளி போலத் தோன்றியது. ஜிசெல் 1841இல் வந்தபோது அதன் இரண்டாம் அங்கம் முழுவதும் இந்த வெண்மையில்தான் நடந்தது. இதை ரொமான்டிக் டூட்டூ என்கிறோம்.

அரை நூற்றாண்டு கழித்து இத்தாலிய நடனமணிகள் வந்தார்கள். சுழற்சியிலும் கால் வலிமையிலும் அவர்களுக்கு நிகரில்லை. 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆட வந்த வர்ஜீனியா சூக்கி, அங்கு வழக்கத்திலிருந்ததைவிடக் குட்டையான பாவாடையே தமக்கு வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். 1895இல் பியரீனா லென்யானி ஸ்வான் லேக்கில் ஒற்றைக் காலில் 32 முறை சுழன்றார். கால் கேட்டது, துணி வழிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: லென்யானியின் புகைப்படங்களில் பாவாடை ஏறத்தாழ முழங்கால் வரை மணி போல இறங்கியிருக்கிறது. நேயர் கேட்கும் தட்டு வடிவம் 20ஆம் நூற்றாண்டில் முழுமை பெற்றது.

அது நிற்கும் சூட்சுமத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தையல்காரர்கள் சிறுமிகளின் கவுனுக்குள் விறைப்புக்காக கேன்கேன் வைப்பார்கள் அல்லவா, அப்படிப்பட்ட விறைத்த வலைத்துணிதான் இங்கும் அடிப்படை. ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு அடுக்குகள். அடியில் இருப்பது மிகக் குட்டை, மேலே செல்லச் செல்ல நீளம் கூடும். ஒவ்வொன்றையும் சுருக்கி, உள்ளே அணியும் ஜட்டியோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அதனால் மேலடுக்கின் பாரத்தைக் கீழடுக்கு தாங்குகிறது. நடு அடுக்கு ஒன்றினுள் மெல்லிய கம்பி வளையத்தைச் செலுத்தி, பிறகு அடுக்குகள் தனித்தனியே பிரியாமல் இருக்கக் கையால் தளர்வாக நூல் ஓட்டுகிறார்கள். நூலை இறுக்கினால் தட்டு, தளர்த்தினால் மணி. டூட்டூ என்ற சொல்லே குழந்தைகளிடம் பின்புறத்தைக் குறிக்கப் பயன்படும் ஒரு பிரெஞ்சு மழலைச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். இத்தனை கம்பீரமான ஆடைக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கம்பித் தட்டில் ஒரு தொல்லை உண்டு. பலர் நெருங்கி நின்றால் ஒருவர் பாவாடை இன்னொருவருடையதை இடித்து, வரிசை முழுவதும் ஊஞ்சலாடும். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் ‘சிம்பனி இன் சி’ என்ற பாலேயின் இறுதியில் 50க்கும் மேற்பட்டோர் மேடையில் நிற்பார்கள். அதற்காக 1950இல் நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவில் ஆடை வடிவமைப்பாளர் பார்பரா கரீன்ஸ்கா வளையத்தையே நீக்கிவிட்டு, குட்டையான சில அடுக்குகளை மட்டும் வைத்து, பவுடர் பூசும் பஞ்சு போன்ற டூட்டூவைத் தைத்தார். தட்டைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். ஆடுகிறவர் நின்ற பிறகும் அது ஒரு கணம் மூச்சு விடுகிறது.

உண்மையில், இந்தத் துணியை வாயு விளக்குகளுக்கு நடுவே எப்படி அணிந்தார்கள் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். பலர் அதற்கு உயிரைக் கொடுத்தார்கள். தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862 நவம்பரில் பாரிஸ் ஒபேராவில் ஒத்திகையின்போது, பாவாடை கசங்காமலிருக்க அதை உதறி விரித்தார், சுடர் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். துணியைத் தீப்பிடிக்காததாக்கும் ரசாயனக் கரைசல் அப்போதே இருந்தது. 1859இல் பிரான்சில் அதைக் கட்டாயமாக்கி ஆணையும் பிறப்பித்திருந்தார்கள். ஆனால் அதில் நனைத்த துணி விறைத்து, மங்கி, காற்றில் மிதக்க மறுத்தது. லிவ்ரி தமக்குச் சாதாரணப் பாவாடையே வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றுத் தேவதையாக ஆடப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் விறைத்த துணியைக் கொடுத்தால், அவருடைய கலையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டதாகும். தாலியோனி அவருக்காக 1860இல் அமைத்த ‘லெ பப்பியோன்’ என்ற பாலேயில், பட்டாம்பூச்சியாக மாறிய பெண் தீப்பந்தத்தை நெருங்கிச் சிறகு கருகுவாள். எரிந்த ஆடையின் எஞ்சிய துண்டுகளைப் பாரிஸ் ஒபேராவின் அருங்காட்சியகத்தில் பாதுகாத்துவைத்திருக்கிறார்கள்.

நேயரின் மகளுக்கு ஒரு வார்த்தை. டூட்டூவை நேராகத் தொங்கவிடாதீர்கள்; அடுக்குகளின் பாரமே அதைத் தொய்யவைத்துவிடும். அடுக்குகள் மேல்நோக்கி நிற்குமாறு தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அல்லது அகன்ற பைக்குள் படுக்கையாக வையுங்கள். நைலான் வலை என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுசெல்லவேண்டாம்; உருகிவிடும். தொய்ந்த இடத்தில் அடுக்குகளை இணைக்கும் நூல் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஊசியும் நூலுமாக ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம்.