பிலாத்துவின் வாசலுக்குப் போகாதவர்

அன்பானவர்களே,

ஈஸ்டர் கதையை நம்மிடம் எழுதக் கொடுத்திருந்தால் எப்படி எழுதியிருப்போம்? கல்லறை திறந்ததும் இயேசுவை நேரே, அவருக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் அரண்மனைக்கு அனுப்பியிருப்போம். "கை கழுவினாயே, இப்போது என்ன சொல்கிறாய்?" என்று ஒரு வசனம் வைத்திருப்போம். அடுத்த காட்சி, பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு. அவர் காலில் விழ, நாம் கைதட்டியிருப்போம்.

நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள், அப்படி ஒரு காட்சியே கிடையாது. உயிர்த்தெழுந்தவர் பிலாத்துவின் வாசல் பக்கமே போகவில்லை. யோவான் சொல்கிறபடி, தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம்தான் முதலில் போனார். அவளோ அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அன்று மாலை, பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த சீஷர்கள் நடுவே வந்து நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். ஏன் என்னை விட்டு ஓடினீர்கள் என்று கேட்டதாக யோவான் எழுதவில்லை.

சொன்ன கையோடு தம் கைகளையும் விலாவையும் காட்டினார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மரணத்தையே வென்றவருக்கு நாலு தழும்பை அழித்துக்கொள்வது பெரிய காரியமா? அழிக்கவில்லை. ஈஸ்டர் இரவு வழிபாட்டில் ஏற்றும் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்: மெழுகில் சிலுவை வடிவாக ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். ஐந்து காயங்கள். வெளிச்சம் தருகிற திரியின் உடம்பிலேயே அவற்றையும் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சிலுவையில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமை மறைக்கவில்லை.

சரி, தீமை தோற்றுவிட்டது என்றால் இன்றைக்கும் ஏன் இத்தனை அநியாயம்? பிரசங்கம் செய்கிற எங்களைப் போன்றவர்கள் வேகமாகத் தாண்டிப்போகிற கேள்வி இது.

1945-ல் ஈஸ்டர் ஏப்ரல் 1 அன்று வந்தது. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 8. ஜெர்மனியில் ஷோன்பெர்க் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைத்துவைத்திருந்த கைதிகளுக்கு டீட்ரிஷ் போன்ஹோஃபர் என்ற போதகர் வழிபாடு நடத்தினார். ஹிட்லரை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டவர். அவரும் அங்கே ஒரு கைதிதான். அன்று அவர் எடுத்த வசனங்களில் ஒன்று, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததால் வரும் 'ஜீவனுள்ள நம்பிக்கை' பற்றி இயேசுவின் சீஷன் பேதுரு எழுதியது. ஜெபம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அவரைக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். மறுநாள் ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிட்டார்கள். அதே முகாமை ஏப்ரல் 23-ல் அமெரிக்கப் படை விடுவித்தது. நடுவில் இருந்தது வெறும் 14 நாள். அந்த 14 நாளுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் அந்த மனிதர் பகையைப் பற்றிப் பேச ஆயிரம் காரணம் இருந்தும் கடைசிப் பிரசங்கத்துக்கு எந்த வசனத்தை எடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

"தீமையை நன்மையினாலே வெல்லு" என்கிறார் பவுல். சொல்லிவிடலாம். செய்வது எப்படி? யோவானின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். விடியற்காலை, கடற்கரை, கரிநெருப்பு. இந்தக் கரிநெருப்பு யோவானில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. முதலாவது, இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில். பேதுரு அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் அவருடைய சீஷன் "நான் அல்ல" என்று மறுதலித்தான். அதே புகை வாசனை, இப்போது கரையில். ஈரத் துணியோடு பேதுரு வந்து நிற்கிறான். நெருப்பின்மேல் மீன், பக்கத்தில் அப்பம்.

மூன்று முறை மறுதலித்தவனிடம், "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கத்தான் போகிறார். ஆனால் அதற்கு முன்னால் சொன்னது, "வாருங்கள், சாப்பிடுங்கள்."