வெல்ஷ் மொழியும் எபிரேயமும்: சொல்லில் இல்லாத ஒற்றுமை

[திரையில்: ஆதியாகமத்தின் முதல் வசனம், எபிரேயத்திலும் வெல்ஷிலும், ஒன்றன்கீழ் ஒன்றாக]

விவிலியத்தின் முதல் வசனம் தமிழில் ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்று வினையில் முடிகிறது. எபிரேய மூலத்தில் அப்படியில்லை. ‘ஆதியில்’ என்ற சொல்லை அடுத்து உடனே ‘படைத்தார்’ வந்துவிடுகிறது, ‘தேவன்’ அதற்குப் பின்னர்தான் வருகிறது. கேம்பிரிட்ஜில் எபிரேயம் கற்ற வில்லியம் மோர்கன் 1588-இல் முழு விவிலியத்தையும் பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டின் மொழியான வெல்ஷில் வெளியிட்டபோது, இந்த வரிசையை மாற்றவேண்டிய தேவையே அவருக்கு நேரவில்லை. ஏனெனில் வினை, எழுவாய், செயப்படுபொருள் என்பதே வெல்ஷின் இயல்பான நடையும் ஆகும்.

விவிலியக் கதைப்படி உலக மொழிகள் யாவும் பாபேல் கோபுரம் கட்டியபோது ஒரே மொழியிலிருந்து பிரிந்தவை என்று நம்பப்பட்ட காலத்தில், இத்தகைய ஒப்புமைகள் கற்றோரை மயக்கியதில் வியப்பில்லை. 1621-இல் வெல்ஷ் இலக்கணத்தை லத்தீனில் எழுதிய ஜான் டேவிஸ், தம் மொழி எபிரேயத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று வாதிட்டார். 1670களில் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒலியில் ஒத்ததாகத் தமக்குத் தோன்றிய எபிரேய, வெல்ஷ் தொடர்களைப் பட்டியலிட்டே அச்சிட்டார். அவர்கள் தேடிய உறவு சொற்களில் இல்லை. வெல்ஷில் இரண்டு ‘டை’, மூன்று ‘ட்ரீ’. வடமொழியின் ‘த்வி’, ‘த்ரி’ என்பவற்றோடு அவை உடனே பொருந்துகின்றன. எபிரேயத்தின் ‘ஷ்னாயிம்’, ‘ஷ்லோஷா’ அரபு மொழியின் உறவினர். வெல்ஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளை, எபிரேயம் செமிட்டிக். இதில் இன்று ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆயினும் அந்தப் பழைய அறிஞர்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்பேன். சொற்பட்டியலை மூடிவிட்டு இலக்கணத்தைத் திறந்தால் ஒற்றுமை உண்மையிலேயே கண்ணில் படுகிறது.

[திரையில்: இரு மொழிகளின் முன்னிடைச்சொற்கள், அட்டவணையாக]

பெயருக்குமுன் நின்று வேற்றுமை உருபுபோல் இயங்கும் சொல்லே முன்னிடைச்சொல். ‘மேல்’ என்ற பொருளுடைய முன்னிடைச்சொல் வெல்ஷில் ‘ஆர்’. ‘என்மேல்’ என்பதற்கு ‘அர்னாவ்’, ‘அவன்மேல்’ என்பதற்கு ‘அர்னோ’, ‘அவள்மேல்’ என்பதற்கு ‘அர்னி’ என்று அது வினைச்சொல்லைப்போல ஆளுக்கேற்ப விகுதி ஏற்கிறது. எபிரேயத்தில் ‘அல்’ என்ற சொல் அதே முறையில் ‘அலாய்’, ‘அலாவ்’, ‘அலேஹா’ என்று திரிகிறது. ‘வீட்டின் கதவு’ என்பதற்கு வெல்ஷில் ‘ட்ரூஸ் அ டீ’, எபிரேயத்தில் ‘தெலெத் ஹ-பயித்’. இரண்டிலும் கதவு முன்னும் வீடு பின்னும் நிற்க, ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சுட்டுச்சொல் வீட்டின்முன் மட்டுமே வருகிறது. உடைமையைக் குறிக்கத் தனி வினை இரண்டிலும் கிடையாது. ‘எனக்கு ஒரு பூனை உண்டு’ என்ற போக்கில்தான் இரு மொழியினரும் பேசுகிறார்கள். இந்தக் கடைசிக் கூறு தமிழிலும் இருப்பதைக் கவனிக்கவேண்டும்: இலக்கண ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது.

சொல்லின் முதலெழுத்து மாறுவது இன்னும் சுவையான செய்தி. வட வேல்ஸில் உள்ள பாங்கோர் என்ற ஊருக்குப் போகிறவர் ‘இ வாங்கோர்’ என்பார். அங்கே வசிப்பவர் ‘அம் மாங்கோர்’ என்பார். எபிரேயத்தில் ‘பயித்’ என்றால் வீடு; ‘ஒரு வீட்டில்’ என்னும்போது திருத்தமான வழக்கில் அது ‘பெ-வயித்’ ஆகும். உயிரொலியை அடுத்து வரும் பகரம் நெகிழ்ந்து வகரமாவதே இங்குள்ள காரணம். வெல்ஷின் ‘வாங்கோர்’ போன்ற மாற்றத்துக்கும் தொடக்கத்தில் காரணம் அதுதான். ஆனால் முன்சொற்களின் பழைய ஈறுகள் தேய்ந்து மறைந்துவிட, மாற்றம் மட்டும் நிலைத்து இலக்கணப் பொருளையே சுமக்கத் தொடங்கியது. ‘இ வம்’ என்றால் அவனுடைய தாய், ‘இ மம்’ என்றால் அவளுடைய தாய். ‘இ’ இரண்டிலும் ஒன்றே, ஆணா பெண்ணா என்பதைத் தாயின் முதலெழுத்துதான் சொல்கிறது. எபிரேயத்தின் நெகிழ்ச்சி இந்த அளவுக்குச் சென்றதில்லை.

[திரையில்: பிரிட்டனும் வட ஆப்பிரிக்காவும் அடங்கிய நிலப்படம்]

இத்தனை ஒற்றுமை எப்படி வந்தது? கெல்டிக் மொழி வருவதற்குமுன் பிரிட்டனில் பேசப்பட்ட ஏதோ ஒரு மொழி, எபிரேயத்தின் தூரத்து உறவினரான எகிப்திய மொழிக்கும் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகளுக்கும் உறவானதாக இருந்து, தன் தொடரமைப்பைப் பின்வந்த மொழியில் விட்டுச்சென்றது என்று ஜான் மோரிஸ்-ஜோன்ஸ் 1900-இல் முன்வைத்தார். இன்றைய பிரான்ஸ் பகுதியில் பேசப்பட்ட பழைய கெல்டிக் மொழியான காலிஷில் வினை முதலில் வருவது வழக்கமாக இல்லை என்பது இதற்கு வலுவூட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த முன்மொழியின் ஒரு சொல்கூட நம் கையில் இல்லை. மேலும், வினையை முதலில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் முன்னிடைச்சொற்களையே கொள்வதையும், உடையவரைக் குறிக்கும் சொல்லை உடைமைப் பெயருக்குப் பின்னால் வைப்பதையும் உலகின் பல பகுதிகளில் காண்கிறோம். முன்னிடைச்சொல்லோடு பிரதிப்பெயர் ஒட்டிக்கொள்வதற்கும் அயலார் வந்து கற்றுத்தரவேண்டியதில்லை. அடிக்கடி சேர்ந்து ஒலிக்கும் இரு சிறு சொற்கள் காலப்போக்கில் ஒன்றாகிவிடும். என் பார்வையில், இந்த விளக்கமே பொருத்தமானது. இருப்பினும் இத்தனை கூறுகள் ஒரே இடத்தில் குவிந்தது ஏன் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்னும் கைவிடவில்லை.

எபிரேயத்திலிருந்து வேல்ஸுக்கு ஐயமின்றி வந்தவை வேறு. தேவாலயங்களின் வழியாக பெத்தெஸ்தா, ஹெப்ரோன், நெபோ போன்ற விவிலியப் பெயர்கள் அந்நாட்டு ஊர்களுக்கு வாய்த்தன. 1973-இல் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேறொன்றும் வந்தது. இஸ்ரேலில் குடியேறியவர்களுக்கு எபிரேயத்தை விரைவாகப் பேசக் கற்பிக்கும் ‘உல்பான்’ என்ற செறிவு வகுப்பை, வெல்ஷ் ஆர்வலர்கள் பெயரோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஆயினும் இரு வகுப்பறைகளின் நிலைமை ஒன்றல்ல. பல நாடுகளிலிருந்து வந்து இஸ்ரேலில் குடியேறியவர்களுக்குப் பொதுமொழி வேறில்லாததால் எபிரேயம் அன்றாடத் தேவையாக இருந்தது. கார்டிஃபில் அமர்ந்தவர்கள் அனைவருக்கும் ஆங்கிலம் தெரிந்திருந்ததால், வகுப்பு முடிந்து தெருவில் இறங்கியதும் வெல்ஷ் பேசாமலே வாழ்க்கையை நடத்திவிட முடிந்தது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தோர் 17.8 சதவீதம். 2050-க்குள் அவர்களைப் பத்து லட்சமாக்குவது வேல்ஸ் அரசின் இலக்கு.